திருநீறு வாங்கும் கை

கை வலிக்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், சுத்தமாக வலிக்கவில்லை. ராத்திரி முழுக்கக் குடைந்து எடுத்த மணிக்கட்டு, விடிந்ததும் குளிப்பாட்டி உட்கார வைத்த பிள்ளை மாதிரி சமர்த்தாக இருக்கிறது. இன்றைக்கென்று பார்த்தா இப்படி? லேபர் ஆபீஸ் வராந்தாவில், சுவரோரமாகக் கிடக்கிற மரப்பெஞ்சில், கறுப்புப் பட்டை கட்டிய வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, வலி வரட்டும் வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். வலி கொடு என்று சாமி கும்பிடுகிற மனுஷன் இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். காந்திமதித் தாயே, கொஞ்சமாவது கொடு. சுருக்கென்று ஒன்று போதும். உள்ளே அந்த ஆபீசர் அம்மா கூப்பிட்டுக் கேட்கும்போது முகத்தில் தெரிகிற அளவுக்கு இருந்தால் போதும். தானாகத் தெரியாவிட்டால் நான் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். அருள்ராஜ் அதைத்தான் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். கடைத் தொழிலாளர் சங்கத்து ஆள், என்னைவிட வயதில் இளையவர், வேலை பார்த்த ஜவுளிக்கடைமேல் நான் போட்ட கேசை எடுத்துக்கொண்டு நாயாக அலைகிறவர். "அண்ணே, உள்ள போனதும் வலது கைன்னு ஒண்ணு இருக்கதையே மறந்திருங்க. நாற்காலிய இழுக்காதீங்க. தண்ணி கிளாசத் தொடாதீங்க. அந்த அம்மாவுக்கு வணக்கம் போடுததுன்னாலும் தலையால போடுங்க. கடை வக்கீல் உங்க வாயப் பாக்க மாட்டான், கையத்தான் பாப்பான்." சரி சரி என்று தலையாட்டினேன். அவர் படியிறங்கிப் போன பிறகு யோசித்தால் அசிங்கமாக இருக்கிறது. எனக்கு இருக்கிற நோய்க்கே நான் ஒத்திகை பார்க்க வேண்டுமா?

பொய் இல்லை. அதை முதலில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பொய் இல்லை. மணிக்கட்டில் நரம்பு அமுங்கிப் போயிருக்கிறது என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னது பொய்யா? கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறது, அது பொய்யா? ஆனால் நோய்க்கும் ஒரு குணம் இருக்கிறது. ராத்திரி வரும், பகலில் ஒளிந்துகொள்ளும். ஒரு நாள் பேனாவைப் பிடிக்க முடியாது, மறுநாள் பிடிக்கலாம். நல்லா இருக்கிற நாளில் யாராவது பார்த்துவிட்டால் நான் நடிகன். காலையில் கீழே டீக்கடையில் அதுதானே நடந்தது. பட்டை கட்டிய கையை மறைத்துக்கொண்டு இடது கையால் காசை நீட்டினேன். டீக்கடைக்காரர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "முத போணி அண்ணாச்சி. பீச்சாங்கையால தாரீங்களே." சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என் கையைப் பார்த்த மாதிரி இருந்தது. சட்டென்று காசை வலது கைக்கு மாற்றி நீட்டினேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை நடுங்கவில்லை, மரத்துப்போகவில்லை, காசு விழவில்லை, என்னமோ இருபத்தைந்து வயதுக் கை மாதிரி கொடுத்துவிட்டு வந்தது. அதிலிருந்து இந்தப் பயம் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் நின்றவர்களில் ஒருத்தர் அவர்கள் வக்கீலாக இருந்தால்? வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றாரே. நின்றாரா? லேபர் ஆபீஸ் பக்கத்துக் கடையில் வெள்ளைச் சட்டை போடாதவர் யார் நிற்பார்? மனசு இப்படித்தான் போட்டதையே போட்டுக் கிண்டிக்கொண்டிருக்கிறது. பிசுபிசுவென்று பட்டைக்குள் வேர்க்கிறது. அவிழ்த்துத் துடைத்தால் தேவலை. ஆனால் அவிழ்ப்பதை யாராவது பார்த்தால்?

முந்தியெல்லாம் என் கையைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், ஆனால் அது வேறு பார்வை. முகூர்த்தப் பட்டு செக்‌ஷனில் வெள்ளை விரித்த மெத்தைமேல் உட்கார்ந்து, அடுக்கிலிருந்து சேலையை உருவி, மடிப்பில் விரலைக் கொடுத்து, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் முந்தி பறந்து போய் எதிரே பொண்ணு மடியில் விழும். மடியில்தான் விழ வேண்டும், தரையில் விழக்கூடாது, முகத்தில் அடிக்கக்கூடாது. ஜரிகைப் பட்டு கனம் என்ன கனம்! எல்லாம் அந்த ஒரு வெட்டில்தான் இருக்கிறது. ஒரு சேலை எடுக்க வருகிற குடும்பம் அடுக்கையே காலி பண்ண வைத்துவிடும். பொண்ணுக்குப் பிடித்தால் அத்தைக்குப் பிடிக்காது, அத்தைக்குப் பிடித்தால் தாய்மாமன் வாயைக் கோணுவான். முகம் கோணாமல் விரிக்க வேண்டும், அத்தனையையும் அதே மடிப்பில் திரும்ப மடிக்க வேண்டும். ஆவணி, தை மாதங்களில் மூத்திரம் பெய்யப் போவதற்குக்கூட நேரம் வாய்க்காது. இருபத்தெட்டு வருஷம் அந்த மெத்தையில் உட்கார்ந்தேன். கோமதிநாயகம் எடுத்துக் கொடுத்தால் அந்தக் கல்யாணம் விளங்கும் என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பிவிட்டது. தென்காசியிலிருந்து, விளாத்திகுளத்திலிருந்தெல்லாம் என்னைத் தேடிக்கொண்டு வருவார்கள். அண்ணாச்சியே, எங்கள் முதலாளியே, கல்லாவிலிருந்து குரல் கொடுப்பார். "அது ராசியான கை. அவன் எடுத்துத் தரட்டும், நீங்க பேசாம இருங்க." அப்போது வருகிற ஒரு சந்தோஷம் இருக்கிறதே, சம்பளத்தில் வராது அது. அந்தச் சந்தோஷத்தில் கை வலித்ததை வெளியே சொல்லவில்லை. ராசியான கை வலிக்கிறது என்று எந்த மடையன் சொல்வான்?

அம்பாசமுத்திரத்துக் குடும்பம் வந்த அன்றைக்கு, பிடித்தது பிடிக்காதது எல்லாம் முடிந்து, அரக்குச் சிவப்பில் ஒன்று முடிவாகிவிட்டது. மஞ்சள், குங்குமம், வெற்றிலை வைத்த தாம்பாளத்தில் சேலையை வைத்து நான் எடுத்துக் கொடுக்க வேண்டும், பொண்ணோட அம்மா முந்தானையை விரித்து வாங்க வேண்டும். அதுதான் கடையில் வழக்கம். சேலையைத் தூக்கினேன். தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். விரல் ஐந்தும் என்னுடையது இல்லாத மாதிரி விட்டுவிட்டன. சேலை சரிகிறது. முகூர்த்தப் பட்டு தரையில் விழுந்தால் முடிந்தது. யோசிக்க நேரம் இல்லை, இடது கையால் தாங்கிப் பிடித்தேன், பிடித்த வேகத்தில் அப்படியே நீட்டிவிட்டேன். அந்த அம்மா விரித்த முந்தானையைச் சுருட்டி மார்போடு சேர்த்துக்கொண்டாள். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. கோபம்கூட இல்லை, பயம். பிள்ளையை நாய் முகர்ந்து பார்த்த மாதிரி ஒரு பயம். "இடது கையால தாரானே" என்றாள், என்னிடம் இல்லை, புருஷனிடம். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக எழுந்தார்கள். எடுத்து வைத்த அத்தனை துணியும் மெத்தைமேல் கிடந்தது. அண்ணாச்சி வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் சின்ன முதலாளி, அவருடைய மகன், என்னைக் கோடவுனுக்கு அனுப்பினார். மூட்டை கட்டுகிற வேலை. கையில் மீதி இருந்த தெம்பும் அங்கே போனது. பிறகு, சரியானதும் வாங்க என்று சொன்னார். சரியாகவில்லை. வாங்க என்று யாரும் கூப்பிடவும் இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நான் இருக்கிற இருப்பை யாரிடம் சொல்வது? சட்டைப் பொத்தானை உலகம்மாள் போட்டுவிடுகிறாள். என் பெண்டாட்டி, கல்யாணமான புதிதில் என் சட்டைப் பொத்தானைத் தொட்டாலே வெட்கப்பட்டவள், இப்போது இட்லிக்கு மாவு கரைத்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நாடிய மேல தூக்குங்க" என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி போட்டுவிட்டுப் போகிறாள். சாப்பாடு அதைவிட மோசம். ஸ்பூன் தந்தாள், கோபத்தில் தட்டிவிட்டேன். இப்போது அவளும் மகளும் சாப்பிட்டு எழுந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் அள்ளி அள்ளித் தின்கிறேன். திருடன் மாதிரி. இந்தக் கையால் என்னவெல்லாம் செய்கிறோம் என்று நினைத்துவிட்டால் தொண்டையில் இறங்காது, அதனால் நினைக்காமல் தின்கிறேன். மச்சினன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் இலை போட்டு உட்கார வைத்தார்கள். சாம்பார் வாளி பக்கத்தில் வருவதற்குள் வயிற்றுவலி என்று எழுந்து வந்துவிட்டேன். இலை போட்டபின் எழுந்த அசிங்கம் பெரிதா, இடது கையால் தின்கிற அசிங்கம் பெரிதா என்று பஸ்ஸில் வருகிற வரை யோசித்தேன். ராத்திரி வலி எழுப்பிவிடும்போது உலகுவை எழுப்புவேன். தூக்கக் கலக்கத்திலேயே என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து உதறி உதறி விடுவாள், விரல்களில் ரத்தம் திரும்பி எறும்பு ஓடுகிற வரைக்கும். அவளும் பகலெல்லாம் இன்னொரு வீட்டில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்தவள். ஒரு நாளும் சலித்துக்கொண்டது இல்லை. சலித்துக்கொண்டால்தான் என்ன?

ஆபரேஷன் பண்ணினால் தேறும், தள்ளிப்போட்டால் வற்றிய சதை திரும்பாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கடையில் உழைத்துக் கெட்டது, கடைதான் செய்ய வேண்டும் என்று அருள்ராஜ் சொன்னார். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் ஏன் இப்படிக் கூசுகிறது? அண்ணாச்சி தினமும் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் கடை திறப்பார். சாம்பிராணி போட்டதும் நாங்கள் எல்லாரும் வரிசையாக நிற்போம். பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொருத்தர் கையிலும் திருநீறு போடுவார். வலது கையைக் குழித்து, இடது கையை அதற்குக் கீழே தாங்கி வாங்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருத்தன் தெரியாமல் ஒற்றைக் கையை நீட்டியதற்கே வெளியே போ என்றவர். அந்த மனுஷன் மேல் நான் கேஸ் போட்டிருக்கிறேன். சோறு போட்டவர் மேல் கேஸ் போட்டிருக்கிறான் என்று தெருவில் சொல்கிறார்கள். சோறு போட்டாரா, நான் சம்பாதித்துத் தின்றேனா? அருள்ராஜ் பக்கத்தில் இருந்தால் இரண்டாவது சரி என்று தோன்றுகிறது. தனியாக உட்கார்ந்தால் முதலாவது. சின்ன முதலாளி வரட்டும், அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கும் கொஞ்சம் ரோஷம் வரும், அவர்தானே என்னை நடிக்கிறான் என்று எழுதிக் கொடுத்தவர். மேனேஜர் வரட்டும். யாராவது வரட்டும், அண்ணாச்சி மட்டும் வரக்கூடாது.

அண்ணாச்சிதான் வந்தார். டிரைவர் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறி, மூச்சு வாங்கி, நின்று, என்னைப் பார்த்துவிட்டார். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. இரண்டு கையும் கும்பிடக் கிளம்பின, அருள்ராஜ் சொன்னது ஞாபகம் வந்து வலது கையை மட்டும் கீழே போட்டுவிட்டேன். இடது கை ஒன்றை மட்டும் நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றேன். எந்த ஊர்க் கும்பிடு இது? "உக்காருடே" என்று என் பக்கத்திலேயே, அதே பெஞ்சில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தது கிடையாது. பாதி பெஞ்சில் பாதி உடம்பாக ஒட்டிக்கொண்டேன். "சாப்டியாடே?" "சாப்ட்டேன் அண்ணாச்சி." "உலகு சௌக்கியமா? மக என்ன படிக்கா?" "பன்னெண்டு முடிச்சிட்டா அண்ணாச்சி." "வேற கடையில எங்கயும் சேரலையா?" "சேக்க மாட்டுக்காங்க. ஒரு சீலைய விரிச்சுக் காட்டுங்காங்க." "எம் பய சொல்லுதான், நீ நடிக்கியாம். வீட்டுல குடத்துல தண்ணி சுமக்கதப் பாத்ததா எவனோ சொன்னானாம். எனக்கு என்ன தெரியும் சொல்லு. அன்னைக்கும் நீ வாய் தொறக்கல. கை வலிக்குன்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?" சொல்லியிருக்கலாம். ராசியான கை என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்களே அண்ணாச்சி, அதற்கு நடுவில் எங்கே சொல்வது? இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். குடத்தில் தண்ணீர் சுமந்தேன்தான், இடது இடுப்பில். அதையும் சொல்லவில்லை.

அவர் வேட்டி மடிப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். அந்தச் சரசரப்பு கேட்டதுமே முதுகு நிமிர்ந்துவிட்டது, பழக்கம். "கோயிலுக்குப் போயிட்டுத்தான் வாரேன். இந்தா." மூன்று விரலில் அள்ளிக்கொண்டு நீட்டினார். திருநீற்றுக்கு என்ன கனம்? உள்ளங்கையைக் குழித்துக் காட்டினால் போதும், என் வலது கைக்கு இன்றைக்கு அது முடியும், டீக்கடையில் காசு கொடுத்த கைதானே. படிக்கட்டில் அருள்ராஜ் டீ கிளாசோடு நிற்கிறார், கண்ணால் வேண்டாம் என்கிறார். அவருக்குப் பின்னால் கறுப்புக் கோட்டை முழங்கையில் போட்டுக்கொண்டு அவர்கள் வக்கீல் ஏறி வருகிறான், என் கையைப் பார்க்கிறான். அண்ணாச்சியின் விரலிலிருந்து ஒரு பொடி உதிர்ந்து அவர் வேட்டியில் விழுந்தது. வலதா? தலையைக் குனிந்து பூசிவிடச் சொல்லலாமா? ஆபரேஷன். மகள். உலகு. வலது கை மடியில் கிடக்கிறது, அதை நான் எழுப்பவில்லை. எழுப்பவில்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். இடது கை நீண்டிருந்தது. நான் நீட்டினேனா? மாசக்கணக்கில் எதற்கெடுத்தாலும் அதுதானே முன்னால் போகிறது, அந்தப் பழக்கத்தில் அதுவாகப் போய்விட்டதா? இரண்டில் எது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே எனக்குச் சாதகமாகத் தெரிகிறது, அதுவும் பிடிக்கவில்லை. அம்பாசமுத்திரத்து அம்மாவின் முகம் ஒரு நொடி அண்ணாச்சி முகத்தில் வந்தது. அவர் கை பின்னால் போனது. போ வெளியே என்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்பம் நெசந்தானாடே?" என்றார். குரல் உடைந்திருந்தது. கண்ணைத் திறந்தால் அவர் என் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இடது கையால திருநீறு வாங்குத ஆளாடே? எத்தன வருசம் எங்கிட்ட வாங்கியிருக்க. உசுரு போனாலும் நீட்ட மாட்டியே. அப்பம் அந்தக் கை போயே போச்சு, என்ன?" அவர் என் இடது கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். பிறகு எழுந்து நின்று, ஒரு உள்ளங்கையால் என் கண்ணை மறைத்து, தானே என் நெற்றியில் பூசி, கண்ணில் விழாமல் ஊதிவிட்டார். அவர் மூச்சில் வெற்றிலை வாசனை. திரும்பி வக்கீலிடம் சொன்னார், "தம்பி, உள்ள போயி எதுத்து ஒண்ணும் பேசாதேயும். இவன் கை போயிட்டு. கடையிலதான் போச்சுன்னு நானே சொல்லுதேன்." அந்த ஆள் பதறி, "அண்ணாச்சி, டாக்டர் சர்ட்டிபிகேட்ல அப்படித் தெளிவா இல்லையே…" என்று இழுத்தான். "டாக்டர் கிடக்காரு. நான் பாத்துட்டேன்." அருள்ராஜ் வந்து என் தோளை அழுத்தினார். காதோரமாக, "கலக்கிட்டீங்க அண்ணே. இது எனக்கே தோணியிருக்காது" என்றார். அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது சொல்லிவிடலாம். அண்ணாச்சி, இன்றைக்கு வாங்கியிருக்கலாம், இன்றைக்கு மட்டும் கை கொஞ்சம் தேவலை, ஆனால் நோய் நிஜம். இப்படிச் சொன்னால் அவருக்கு எது காதில் விழும்? முதல் பாதிதான் விழும். யாருக்கும் அதுதான் விழும். நிஜத்தை நம்ப வைத்ததே அந்த இடது கைதான், அதைப் பிடுங்கிவிட்டால் நிஜமும் கூடவே போய்விடும். அப்படியென்றால் நான் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் ஏன் நெற்றியில் அவர் பூசிய இடம் மட்டும் இப்படி எரிகிறது? "கோமதிநாயகம்" என்று உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். மேஜைக்கு முன்னால் நாற்காலி உள்ளே தள்ளிக் கிடந்தது. நான் தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி, இந்த வயதில், குனிந்து அதை எனக்காக இழுத்துப் போட்டார். "உக்காருடே." உட்கார்ந்தேன். ஆபீசர் அம்மா கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்து, "இப்ப வலி இருக்கா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "அவன் சொல்ல மாட்டான்மா. எத்தன வலின்னாலும் உள்ளயே வச்சுக்கிடுத பய." அந்த அம்மா எழுத ஆரம்பித்தார். வலது கை மேஜைக்குக் கீழே மடியில் கிடந்தது. விரலை மடக்கிப் பார்த்தேன், ஐந்தும் மடங்கின. ராத்திரி வரும். வலி கட்டாயம் வரும். வந்தால் உலகுவை எழுப்பப் போவதில்லை, அது நான் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டியது.